முதல் வரியில் எந்தக் கல்லூரி? ஒரு வீட்டுக்குள் நடந்த கலந்தாய்வு!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே அந்த போன்கள் ஆரம்பித்துவிடும். பிள்ளையின் பெயர், மார்க், ஊர் எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு ஒரு குரல் பேசும். எந்தக் கல்லூரியிலிருந்து பேசுகிறோம் என்பதை மட்டும் கடைசியில்தான் சொல்லும். ``சீட் வேகமா ஃபில் ஆகிட்டிருக்கு சார். பத்தாயிரம் கட்டி பிளாக் பண்ணிடுங்க. கவுன்சலிங்ல நல்லது கிடைச்சா அப்புறம் பார்த்துக்கலாம்.'' இந்த நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் மட்டும் லைன் சரியாகக் கேட்காது.

சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் லோடு ஆட்டோ ஓட்டுபவர் ஒருவருக்கு 2024 மே மாதத்தில், ஒரே வாரத்தில் பதினோரு போன்கள் இப்படி வந்தன. அவர் மனைவி தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்து 182 கட் ஆஃப் எடுத்திருந்தாள். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிடுவார்களே, அந்த 182. வீட்டில் அதற்குமுன் யாரும் டிகிரி படித்ததில்லை. ஐ.டி.ஐ முடித்துவிட்டு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சூப்பர்வைசராக இருக்கும் தாய்மாமாதான் இரண்டு பக்கச் சொந்தத்திலும் `விவரம் தெரிஞ்சவர்'. எனவே, கல்லூரி விஷயம் அவர் பொறுப்பில் விடப்பட்டது.

மாமா முதல் நாளே தீர்ப்பு சொல்லிவிட்டார். ``கம்ப்யூட்டர் சயின்ஸ். வேற பேச்சே இல்ல. கிடைக்கிற காலேஜா பார்த்துப் போடணும். பெரிய காலேஜ் பேரையெல்லாம் முதல்ல போட்டு ஏமாந்துடக் கூடாது.''

இந்த இரண்டாவது வாக்கியத்தைத் தமிழ்நாட்டில் பல வீடுகளில் கேட்கலாம். சொல்பவர்கள் எல்லோரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால், அது பழைய கலந்தாய்வின் நினைவிலிருந்து வரும் அறிவுரை. பொறியியலுக்கான நுழைவுத் தேர்வை 2007-ல் தமிழ்நாடு கைவிட்டது. அதன் பிறகும் பல ஆண்டுகள், பிள்ளையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் இருக்கிறது என்று தெரியும். இருப்பதைப் பார்த்து, அந்த நிமிடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். யோசிக்க நேரமே இருக்காது. கிடைப்பதைக் கேட்பதுதான் அன்றைக்குப் புத்திசாலித்தனம்.

2018-ல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு வந்தபோது இந்தக் கணக்கு மாறிவிட்டது. இப்போது மிச்ச இடம் கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் உட்கார்ந்து, விரும்பும் கல்லூரியையும் பாடப்பிரிவையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுக்கும். உங்கள் பிள்ளையின் முறை வரும்போது பட்டியலின் முதல் வரியைப் பார்க்கும். பொதுப் பிரிவிலோ உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவிலோ அங்கே இடம் இருந்தால் கொடுக்கும். இல்லையென்றால் இரண்டாவது வரி. அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. முதல் வரியில் எட்டாத கல்லூரியைப் போட்டதற்காக ஐந்தாவது வரியில் இருப்பது கையைவிட்டுப் போகாது. உங்களுக்குப் பின்னால் ரேங்க் வாங்கிய ஒருவர் அதை முதல் வரியிலேயே போட்டிருந்தாலும், உங்களுக்கு முன்னால் அவர் போக முடியாது.

மகள் இதைப் பள்ளியில் நடந்த வழிகாட்டிக் கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். மாமா நம்பவில்லை. அப்பா யார் சொல்வதை நம்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அடுப்படியிலிருந்த அம்மாதான் முடித்துவைத்தார். ``தம்பி, நான் உன்கிட்ட சந்தைக்குச் சீட்டு எழுதிக் குடுக்கிறேன். கத்திரிக்கா இருந்தா வாங்கு, இல்லன்னா வெண்டைக்கா, அதுவும் இல்லன்னா பூசணிக்கா. கத்திரிக்காவ முதல்ல எழுதினதுக்காகக் கடைக்காரன் பூசணிக்கா குடுக்க மாட்டேன்னு சொல்வானா?''

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். ``சொல்ல மாட்டான்'' என்றார்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சிலர் பத்தே வரி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பத்தும் நிரம்பியிருந்தால் அந்தச் சுற்றில் இடமே கிடைக்காது. எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டிருக்கும்போது கஞ்சத்தனம் எதற்கு? இன்னும் சிலர், கிடைத்தால் போகவே மனமில்லாத கல்லூரியை `சும்மா இருக்கட்டும்' என்று நடுவில் செருகிவிடுகிறார்கள். கம்ப்யூட்டருக்குச் சும்மா என்பது தெரியாது.

எட்டும், எட்டாது என்பதை முந்தைய ஆண்டின் கட் ஆஃபை வைத்துத்தான் எல்லோரும் கணிக்கிறார்கள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் கூடினாலோ குறைந்தாலோ அந்த எண் ஏறும், இறங்கும். மார்க்கைவிட ரேங்க்கை ஒப்பிடுவது ஓரளவு நம்பகமானது. போன வருடம் இந்தக் கல்லூரியில், இந்தப் பிரிவில், உங்கள் சமூகப் பிரிவுக்குக் கடைசியாக இடம் வாங்கியவரின் ரேங்க் என்ன என்று பார்த்துக்கொள்ளலாம். அதுவும் ஓர் அடையாளம்தான்.

ஆக, வரிசை பிள்ளையின் விருப்பப்படி இருக்கலாம் என்று வீட்டில் முடிவானது. அதன் பிறகுதான் பெரிய சிக்கல் வந்தது. பிள்ளையின் விருப்பம் என்ன என்று அதுவரை யாருமே கேட்டிருக்கவில்லை.

``டிரிபிள் இ'' என்றாள் மகள்.

வீட்டில் சத்தமே இல்லை. அவள் காரணம் சொன்னாள். கொரோனாவில் பள்ளி பூட்டியிருந்த ஒன்பதாம் வகுப்பில், அப்பாவுடன் லோடு ஆட்டோவில் போவாள். தோட்டங்களில் எரிந்துபோன மோட்டார்களை ஏற்றிக்கொண்டு வந்து சாத்தூரில் காயில் கட்டும் கடையில் இறக்குவார்கள். அப்பா டீ குடித்துவிட்டு வருவதற்குள், கடைக்காரர் கருகிய கம்பியைப் பிரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவதை நின்று பார்ப்பாள். எத்தனை சுற்று, எந்தத் திசை, ஏன் மூன்று தனித்தனிக் கட்டு என்று கேட்பாள். அவர் முதல் இரண்டுக்குப் பதில் சொல்வார். மூன்றாவதுக்கு, ``அப்படித்தான் சுத்தணும் பாப்பா'' என்பார். அந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஆசை.

``மோட்டார் கட்டுறதுக்கா நாலு வருஷம் படிக்கப்போற?'' என்றார் மாமா.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டும் என்று உள்ளபடியே ஆசைப்படும் பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்கள் அதைப் படிக்கட்டும். ஆனால், ஒரு கல்லூரியில் அந்தப் பிரிவுக்கு எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பதற்கு இருந்த உச்சவரம்பை அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ 2024-25 கல்வியாண்டிலிருந்து எடுத்துவிட்டது. இடங்களைக் கூட்டுவது எளிது. கூட்டிய வகுப்புகளுக்கெல்லாம் பாடம் நடத்த ஆள் இருக்கிறதா என்று பெற்றோர் கேட்டே ஆக வேண்டும். அந்த ஜூலையில்தான், ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரமாக வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியிருந்ததை அறப்போர் இயக்கம் வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகமும் விசாரணையில் இறங்கியது. டிவியில் அந்தச் செய்தி ஓடியபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ``நம்ம ஒரு லோடை நாலு ஊருக்கு ஒரே நேரத்துல இறக்க முடியுமா?'' என்று கேட்டார். மறுநாளே, ``போய்ப் பார்த்துட்டு வந்துடுவோம் தாயி'' என்று மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. வகுப்பு நடக்கும் நாளாகப் பார்த்துப் போனார்கள். அட்மிஷன் சீசனில் கல்லூரிகள் கல்யாண வீடு மாதிரி இருக்கும். வகுப்பு நடக்கும் நாளில், வகுப்பு நடக்கும் நேரத்தில் போனால்தான் உள்ளே என்ன சமைக்கிறார்கள் என்பது தெரியும்.

முதலில் போனது ஒரு தனியார் கல்லூரி. ஏ.சி வரவேற்பறை, டம்ளரில் ஜூஸ், சுவர் முழுக்கப் போன வருடம் வேலை கிடைத்தவர்களின் படங்கள். மகள் எண்ணிப் பார்த்தாள். ஒரே பையனின் முகம் மூன்று கம்பெனிகளுக்குக் கீழே இருந்தது. டிரிபிள் இ லேப் பார்க்க வேண்டும் என்றதும், ``சாவி வச்சிருக்கிற சார் இன்னைக்கு லீவு'' என்றார்கள். பத்தாயிரமும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பணத்தைக்கூடக் கொடுத்திருப்பார் அப்பா. ஒரிஜினல் என்றதும் கையை இழுத்துக்கொண்டார். ஆர்.சி புக்கை அடகு வைத்துப் பட்ட அனுபவம் அவருக்கு உண்டு.

அந்தப் பயம் நியாயமானது. மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன் வசம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி 2018-லேயே அறிவித்துவிட்டது. சரிபார்க்க வாங்கலாம், பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏ.ஐ.சி.டி.இ-யும் இதையேதான் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழும் மார்க் ஷீட்டும் ஒரு கல்லூரியின் பீரோவுக்குள் போய்விட்டால், கலந்தாய்வில் எத்தனை நல்ல இடம் கிடைத்தும் அந்தக் குடும்பம் முதலில் அந்த பீரோவுக்கு முன்னால்தான் போய் நிற்க வேண்டும்.

அடுத்த வாரம் போனது ஓர் அரசு பொறியியல் கல்லூரி. வரவேற்பு என்று எதுவும் இல்லை. வாட்ச்மேன் எங்கே, எதற்கு என்று கேட்டுவிட்டு விட்டார். கட்டடத்துக்கு வயதாகியிருந்தது. பாதி மின்விசிறிகள் சுற்றவில்லை. சீனியர்களுக்கு வகுப்பு தொடங்கியிருந்தது. மெஷின்ஸ் லேபில் தரையெல்லாம் கிரீஸ். நான்கு பெண்கள் ஒரு மோட்டாரைச் சுற்றி நின்று ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூடவே ஓர் ஆசிரியர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். மகள் கதவருகே நின்று பார்த்ததைக் கவனித்து உள்ளே கூப்பிட்டார். அவள் அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டேவிட்டாள். அவர் சாக்பீஸ் எடுத்துத் தரையிலேயே வரைந்து காட்டினார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் தலையாட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹாஸ்டலைப் பற்றி அங்கே படிக்கும் ஓர் அக்காவிடம் விசாரித்தாள். ``சாப்பாடு சுமார். தண்ணி காலையில ஆறரைக்குள்ள பிடிச்சிடணும். மத்தபடி பயம் இல்ல'' என்றாள் அந்த அக்கா. கல்லூரி அச்சடிக்கும் எந்தக் கையேட்டிலும் இந்தத் தகவல் இருக்காது.

நேரில் போக முடியாத கல்லூரிகளை எப்படிப் பார்ப்பது? அதற்கும் வழி இருக்கிறது. மகள் பள்ளி நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டாள். அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டர் முடிந்ததும், தன் இணைப்புக் கல்லூரிகளில் எத்தனை பேர் தேர்வு எழுதி எத்தனை பேர் பாஸானார்கள் என்ற பட்டியலைக் கல்லூரி வாரியாக வெளியிடுகிறது. போஸ்டரில் ஜொலிக்கும் சில பெயர்கள் இதில் எங்கே இருக்கின்றன என்று தேடினால் கொஞ்சம் திக்கென்றிருக்கும். தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால் அவற்றை இந்தப் பட்டியலில் தேடிப் பயனில்லை. அவற்றுக்கு வேறு அளவுகோல் வேண்டும்.

வாசலில் தொங்கும் போர்டுகளையும் பிரித்துப் படிக்க வேண்டும். `நாக்' என்பது கல்லூரி முழுவதற்குமான தரச் சான்று. `என்.பி.ஏ' அப்படியல்ல, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி. மெக்கானிக்கலுக்கு வாங்கிய என்.பி.ஏ-வை வாசலில் பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். நீங்கள் சேரப்போகும் பிரிவுக்கு அது இருக்காது. `எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டு வரை?' என்று கேட்டால் போதும்.

வேலைவாய்ப்பு விஷயத்தில், `அதிகபட்சச் சம்பளம் இவ்வளவு லட்சம்' என்பது ஒரே ஒரு மாணவரின் கதை. 2016-லிருந்து மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசைக்காகக் கல்லூரிகள் கொடுக்கும் விவரங்களில், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களில் நடுவில் இருப்பவரின் சம்பளம் எவ்வளவு என்ற கணக்கு இருக்கும். பங்கேற்கும் கல்லூரிகள் அதைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள். ரேங்க்கைவிட அந்தக் கணக்குத்தான் வீட்டுக்கு உதவும்.

பணக் கணக்கை அம்மா போட்டார். தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், என்.பி.ஏ பெற்ற பிரிவுக்கு 55,000 ரூபாய் என்று 2017-ல் கட்டண நிர்ணயக் குழு வரையறுத்தது. முதல் பட்டதாரி சலுகையில் 25,000 குறையும். அதற்கான சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கிவைத்திருந்தார்கள். `பரவாயில்லையே' என்று மாமா சொல்லும்போதே அம்மா அடுத்த வரிகளை எழுதிக்கொண்டிருந்தார்: காலேஜ் பஸ், ஹாஸ்டல், மெஸ், பரீட்சை ஃபீஸ், லேப் கோட், தீபாவளிக்கு வந்துபோகும் செலவு. கூட்டிப் பார்த்தபோது படிப்புக் கட்டணம் அந்தப் பட்டியலில் சின்னத் தொகையாகிவிட்டது. அரசுக் கல்லூரி என்றால் நான்கு வருடத்தில் எவ்வளவு மிச்சமாகும் என்பதைக் கீழே எழுதி இரண்டு கோடு போட்டார். அந்தத் தொகை அவருடைய பல வருடக் கூலி.

ஏ.ஐ.சி.டி.இ-யின் `பிரகதி' உதவித்தொகை பற்றி அவர்களுக்குச் சொன்னது பள்ளியின் கணக்கு டீச்சர். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கும் மாணவிகளுக்கு, முதலாமாண்டில் விண்ணப்பித்துத் தேர்வானால் ஆண்டுக்கு 50,000 ரூபாய். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவிகித உள் ஒதுக்கீட்டில் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும். 2021-லிருந்து பொறியியலுக்கும் அது உண்டு. உதவிபெறும் பள்ளியில் படித்த இவளுக்கு அது பொருந்தாது. தெரிந்தபோது அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இவளைவிட ஐந்து மார்க் அதிகம் வாங்கிய வகுப்புத்தோழி ஒருத்தி பொறியியல் பக்கமே வரவில்லை. அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. வாரம் இரண்டு நாள் கூட ஆள் வேண்டும். பக்கத்திலேயே உள்ள கல்லூரியில் பி.எஸ்சி கணிதம் சேர்ந்துவிட்டாள். மதியம் முடிந்துவிடும் வகுப்பு, இருபது நிமிட டவுன் பஸ். ஊரில் சிலர் `நல்ல மார்க்கை வீணாக்கிட்டா' என்றார்கள். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. வாங்க நேரமும் இல்லை.

ஜூலை கடைசியில் முதல் சுற்றுக்கான நாட்கள் வந்தன. பட்டியலை உள்ளிட மூன்றே நாள். பஜாரில் பிரவுசிங் சென்டர்காரர், `பாஸ்வேர்டும் போனும் குடுத்துட்டுப் போங்க, நானே பார்த்துப் போட்டுடறேன்' என்றார். ஐந்நூறு ரூபாய். நல்லவராகவே இருக்கலாம். ஆனால், பாஸ்வேர்டும் ஓ.டி.பி-யும் இருந்தால் பட்டியலின் வரிசையை யாரும் மாற்ற முடியும். எந்த வரி மேலே போனால் யாருக்கு லாபம் என்பது நமக்குத் தெரியாது. மாவட்டந்தோறும் அரசின் உதவி மையங்கள் இருக்கின்றன, அங்கே காசு கிடையாது. இவர்கள் அங்கே போனார்கள்.

பட்டியலில் 64 வரிகள். முதல் வரியில் மதுரையில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் உதவிபெறும் கல்லூரி, டிரிபிள் இ. இரண்டாவது, சாக்பீஸ் கல்லூரி. அதே கல்லூரியின் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாவது. மாமாவுக்காகச் சில கம்ப்யூட்டர் சயின்ஸ் வரிகளையும் சேர்த்திருந்தாள், ஆசிரியர்கள் இருக்கும் கல்லூரிகளாகப் பார்த்து. ஜூஸ் கொடுத்த கல்லூரி பட்டியலிலேயே இல்லை. ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருப்பதால், ஒவ்வொரு வரியிலும் கல்லூரிக்கான கலந்தாய்வு எண்ணை நோட்டில் எழுதியதோடு ஒத்துப் பார்த்தாள். அப்பா எண்ணைப் படிக்க, அவள் திரையில் சரிபார்க்க, 64 வரிக்கும் ஒரு மணி நேரம் ஆனது. உறுதிசெய்யும் ஓ.டி.பி அப்பாவின் போனுக்கு வந்தது.

தற்காலிக ஒதுக்கீடு வந்த அன்று அப்பா தூத்துக்குடியில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். நான்காவது வரி கிடைத்திருந்தது. தனியார் கல்லூரி, டிரிபிள் இ, தேர்ச்சி விகிதத்தில் நல்ல இடம், பிரிவுக்கு என்.பி.ஏ இருந்தது. மோசமில்லை. இரண்டு நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். இதை ஏற்றுச் சேர்ந்துவிடலாம். அல்லது இதைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே உள்ள வரிகளில் யாராவது வேண்டாம் என்று விட்டால் எனக்குக் கொடுங்கள் என்று காத்திருக்கலாம். வேண்டாம் என்று அடுத்த சுற்றுக்கும் போகலாம், அதில் கையில் இருப்பது போய்விடும்.

``கையில இருக்கிறத விட்டுடாத'' என்றார் மாமா போனில். இந்த முறை அவர் சொன்னது முழுக்கச் சரி. ``விடல மாமா, வச்சுக்கிட்டே மேல கேக்கிறேன்'' என்றாள். ``அப்படியும் கேக்கலாமா?'' என்றார். அப்பாவிடமிருந்து ஓ.டி.பி-யைப் போனில் வாங்கிப் போட்டாள்.

அடுத்த பட்டியலில் அவள் இரண்டு வரி மேலே ஏறியிருந்தாள். சாக்பீஸ் கல்லூரி.

ஹாஸ்டலில் சேர்க்கப் போன அன்று லோடு ஆட்டோவில் ஒரு டிரங்குப் பெட்டி, பாய், கயிற்றில் கட்டிய புத்தகங்கள். சிவகாசியிலிருந்து மாமா மூடி போட்ட இரண்டு பெரிய பிளாஸ்டிக் வாளிகள் வாங்கி அனுப்பியிருந்தார். தண்ணீர் காலை ஆறரை வரைக்கும்தான் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம்.